பேசி முடி, பிறகு ஊற்று

காது கேளாத பிள்ளைகள் ஆளுக்குப் பெயர் வைக்கும்போது தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. கண்ணில் முதலில் எது படுகிறதோ அதுதான் பெயர். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிறவர். உச்சந்தலையில் இரண்டு விரல் வைத்தால் அவர். வேதியியல் வாத்தியாரின் பெயர் முதுகு. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் எறிந்தால் போதும். அந்தப் பெயரை வைத்த பெண் வருடம் முழுக்க அவரிடம் பார்த்தது அதைத்தான்.

அவள் பெயர் புருவம். சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டு இடது புருவம் பாதியோடு நின்றுவிட்டது. விரலால் புருவத்தை ஒரு வெட்டு வெட்டிக் காட்டித்தான் தன்னையே அறிமுகம் செய்துகொள்வாள். மேல்வகுப்பின் அறிவியல் பிரிவில் கேளாதவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு எதிரே, வாத்தியாருக்குப் பக்கத்தில் நின்று, அவர் வாயால் சொல்வதைக் கையாலும், அவள் கையால் சொல்வதை வாயாலும் சொல்வது இன்னொரு பெண்ணின் வேலை. சைகை மொழிபெயர்ப்பாளர் என்பது பதவியின் பெயர். கை பளிச்சென்று தெரியவேண்டும் என்று தினமும் கருப்புச் சட்டையில் வருவாள். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? காக்கா மிஸ் என்றார்கள். வாத்தியார்களும் அவள் இல்லாத இடத்தில் அப்படியே சொன்னார்கள். சில பேர் இருக்கும் இடத்திலும்.

விவகாரம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. பாடம் தரம்பார்த்தல். மேலே நீளக் கண்ணாடிக் குழலில், அதாவது பியூரெட்டில், காரம். கீழே குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. குழலின் திருகைத் திறந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்றவேண்டும். ஏதோ ஒரு சொட்டில், தண்ணீர்போல் இருந்தது வெளிர் ரோஜா நிறமாகிவிடும். அந்தச் சொட்டில் நிறுத்தத் தெரிந்தால் பாஸ். அதைத் தாண்டினால் குடுவை கருஞ்சிவப்பாகிவிடும், முட்டை.

வாத்தியார் இடது கையால் திருகைத் திருப்புவார், வலது கையால் குடுவையைச் சுழற்றுவார், வாயும் ஓயாது. மற்ற பிள்ளைகளுக்கு அதில் சிக்கல் இல்லை. காதை அவர் வாய்க்கும் கண்ணைக் குடுவைக்கும் கொடுத்துவிட்டு நிற்பார்கள். புருவத்துக்கு இரண்டுக்கும் கண்தான். மிஸ்ஸின் கையைப் பார்த்தால் குடுவை போச்சு. குடுவையைப் பார்த்தால் பாடம் போச்சு. வாத்தியார் "இந்தா, இப்போ பாருங்க" என்பதை மிஸ் கைக்குக் கொண்டுவருவதற்குள் அந்த ‘இப்போ’ ஊசிப்போயிருக்கும்.

புருவம் சும்மா இருக்கிற ரகம் இல்லை. முதல் தடவையே மேசையில் ஓங்கித் தட்டினாள். ‘நீ பேசி முடி. பிறகு ஊற்று. இரண்டும் ஒன்றாகச் செய்யாதே’ என்றாள். கையில் அது மூன்று வெட்டு. முகமும் அதற்குத் தக்க முகம்.

மிஸ் அதை வாங்கி வாயில் போட்டு ஒரு புரட்டு புரட்டினாள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. முடிஞ்சா கொஞ்சம் மெதுவா செஞ்சு காட்டினா உதவியா இருக்கும்னு கேக்கறாங்க."

"மெதுவாவா? அதுக்கென்ன, தாராளமா," என்று வாத்தியார் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு அதே வேகத்தில் ஊற்றினார்.

சைகையில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் ஒரே விரல்தான். எதிராளியை நோக்கி நீட்டினால் தீர்ந்தது. அந்த விரலுக்கு மரியாதை போட்டு வாய்க்குக் கொண்டுவருவது மிஸ்ஸின் பாடு. நீங்க போட்டாள். நீங்க தனியாக நிற்குமா, கூடவே சார் வந்தது. சார் வந்தால் பின்னாலேயே தப்பா நினைச்சுக்காதீங்க வந்தது. அது வந்த வேகத்தில் மெதுவாவும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்மேல் யாருக்கும் எரிச்சல் வந்துவிடக் கூடாது என்பதுதான் மிஸ்ஸின் எண்ணம். நல்ல எண்ணம்தான். வருடம் முழுக்கப் புருவம் வெட்டினாள், மிஸ் பூசி மெழுகினாள்.

செய்முறைத் தேர்வில் புருவத்தின் குடுவை கருஞ்சிவப்பாக நின்றது. வாத்தியார் முட்டை போட்டார். மறுநாள் காலையில் மாடிப்படியில் மிஸ்ஸை நிறுத்தினார்.

"மதியம் ஹெச்.எம். ரூமுக்கு வந்துடுங்க மேடம். அவ அம்மாவையும் வரச் சொல்லியாச்சு. பாவம், அந்தப் பொண்ணைப் போட்டு ஏன் படுத்தணும்? கைத்தொழில் பிரிவுக்கு மாத்திடலாம். கூடை பின்னட்டும், பை தைக்கட்டும். நிம்மதியா இருக்கும்."

"யாருக்கு சார்?"

"எல்லாருக்கும்தான்," என்றார் அவர், கேள்வி புரியாமல்.

புருவத்துக்கு மருந்து தயாரிக்கும் படிப்பு படிக்கவேண்டும். அதற்கு வேதியியல் வேண்டும். கைத்தொழில் பிரிவுக்குப் போனால் அந்தக் கதவு சாத்தியதுதான். அது வாத்தியாருக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியும், புருவத்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

தலைமையாசிரியையின் அறையில் மிஸ்ஸுக்குப் போட்டிருந்த நாற்காலி ஜன்னலுக்கு முன்னால் இருந்தது. பின்னால் வெளிச்சம் அடித்தால் முகம் இருட்டாகிவிடும், கையும் தெரியாது.

"நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுக்கட்டுமா மேடம்?"

"அட, ரெண்டு நிமிஷ வேலைங்க. உக்காருங்க."

மிஸ் உட்காரவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டாள். புருவம் தன் நாற்காலியை அவளைப் பார்க்கத் திருப்பினாள், தரை கீச்சிட்டது. தலைமையாசிரியை முகம் சுளித்தார். புருவத்துக்கு அந்தச் சத்தமும் தெரியாது, சுளித்ததை அவள் பார்க்கவும் இல்லை.

அம்மா துணிக்கடையில் உடுப்புகளைத் திருத்துகிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க ஓடி வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யார் வாயைத் திறந்தாலும் தலையாட்டத் தயாராக இருந்தாள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணும்மா," என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். "யாரும் குறை சொல்லலை."

மிஸ்ஸின் கை அதைச் சொன்னது. புருவத்தின் அரைப் புருவம் ஏறியது. ‘குறை சொல்லத்தானே கூப்பிட்டாய்?’

மிஸ் அதை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டாள்.

"ஆபத்து மேடம்," என்றார் வாத்தியார். "அமிலம், நெருப்பு எல்லாம் புழங்கற இடம். நான் சொல்றது அவளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சுடும். புத்தி இல்லைன்னு நான் சொல்லலை. கொஞ்சம் மந்தம். அதுவும் நான் சொல்றதில்லை, அவளே சொன்னது. வருஷம் பூரா சார் மெதுவா, சார் மெதுவான்னு அவதான் கேட்டா. மொத்த வகுப்பும் சாட்சி. இந்த மேடமே சாட்சி."

மிஸ்ஸின் கை காற்றில் நின்றது.

மெதுவா என்பதற்குச் சைகை, ஒரு கையின் புறங்கைமேல் மறு கையை விரல்நுனியிலிருந்து மணிக்கட்டுவரை இழுப்பது. நத்தை போகிற மாதிரி. வருடம் முழுக்க வாயால் சொன்ன அந்தச் சொல்லை மிஸ் கையால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லவேண்டியிருந்தது. இழுத்தாள்.

‘மெதுவாகச் செய் என்று நீயே பலமுறை கேட்டாயாம். அதனால் நீ மந்தமாம்.’

‘யார் கேட்டது?’

‘நீ.’

புருவம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நானா என்பதுபோல். பிறகு அந்த விரல் அங்கேயே நிற்க, கண் மட்டும் நகர்ந்து மிஸ்ஸின் முகத்தில் வந்து நின்றது. பூனை மாதிரி பார்த்தாள். விஷயம் அவளுக்குள் போய் உட்காருவதை மிஸ்ஸால் பார்க்க முடிந்தது.

‘நான் சொன்னது, பேசி முடி, பிறகு ஊற்று. நீ என்னவென்று சொன்னாய்?’

"என்ன சொல்றா?" என்றார் தலைமையாசிரியை.

புருவத்தின் கைகள் வேகம் பிடித்திருந்தன. நாற்காலிக் கையில் ஒரு குத்து விட்டாள்.

அம்மா பதறினாள். "கோவப்படாதேன்னு சொல்லுங்க மிஸ். பெரியவங்க முன்னாடி இப்படியா?"

மிஸ் அதைச் சொன்னாள். புருவம் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். ‘அதை நீ சொல். உனக்குக் கை இல்லையா?’

"என்னங்க சொல்றா என்னைப் பார்த்து?"

"உங்களையே சொல்லச் சொல்றா. உங்களுக்குக் கை இல்லையான்னு கேக்கறா."

சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதான். அவள் கை தூக்கியது தூக்கியபடி நின்று, வேறு போக்கிடம் இல்லாமல் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டது.

மிஸ்ஸுக்கு எரிச்சல் யார்மேல் என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. வாத்தியார்மேல் கொஞ்சம், அந்த ஜன்னல்மேல் கொஞ்சம். மிச்சம் முழுவதும் தன் நாக்குமேல்.

இந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. மொழிபெயர்க்கிறவள் ‘நான்’ என்றால் அது கையை அசைக்கிறவளின் நான். அதற்கு ‘அவ சொல்றா’ என்று வால் ஒட்டக் கூடாது. மிஸ் இந்தப் பள்ளிக்கு வந்தது முதல் வால் ஒட்டியே பிழைப்பை ஓட்டியிருந்தாள். வாலை இப்போது கழற்றினாள்.

"நான் மெதுவான்னு ஒரு தடவைகூடச் சொல்லலை," என்றாள். "நான் சொன்னது, நீ பேசி முடி, அப்புறம் ஊத்து. ரெண்டையும் ஒண்ணா செய்யாதே. எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. ரெண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும்."

வாத்தியார் பாதி எழுந்துவிட்டார். "நீயா? யாரைப் பார்த்து நீங்கறீங்க?"

"நான் இல்லை சார். பேசறது அவங்க."

"அவ பேசினா, வார்த்தை உங்க வாயிலேர்ந்துதானே வருது?"

"அதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்."

"அப்போ மெதுவான்னு சொன்னது யாரு?"

"நான்."

"ஒரு நிமிஷம்," என்று தலைமையாசிரியை கையைத் தூக்கினார். "இது எந்த நான்? அவ நானா, உங்க நானா?"

"என் நான் மேடம். மெதுவாங்கறது என் வார்த்தை. அவ வாயில நான் வெச்சது."

தலைமையாசிரியை மேசைமேல் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. "அப்படின்னா இத்தனை நாள் நாங்க கேட்டதுல எது அவளோடது, எது உங்களோடது?"

மிஸ் அந்தக் கேள்வியைப் புருவத்துக்குக் கையால் சொன்னாள். புருவம் தலையை ஒருமுறை அசைத்தாள். நல்ல கேள்வி என்பதுபோல்.

தலைமையாசிரியை பதவி நாற்காலிகளில் வளர்ந்தவர். எதையும் ஒரு மூலையில் தள்ளி மூடத் தெரிந்தவர். முகம் தெளிந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. தப்பு பொண்ணுமேல இல்லை. அவ அறிவியல்லயே இருக்கட்டும். உங்களை மாத்திடறோம் மேடம். வேற ஆள் கேட்டிருக்கோம்னு வெச்சுக்குங்க. வர்றப்ப வரட்டும். என்ன சார்?"

"எனக்கென்ன ஆட்சேபணை மேடம்," என்றார் வாத்தியார். ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் ஓரத்தில் ஒழுகியது.

ஆள் வருகிற லட்சணம் மிஸ்ஸுக்குத் தெரியும். அவள் வந்ததே போன வருடம் பாதி கழிந்த பிறகு. அதுவரை புருவம் பக்கத்துப் பெண் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அதே நாற்காலி, அதே எட்டிப் பார்த்தல். பிறகு அவளே வெறுத்துப்போய்க் கைத்தொழிலுக்குப் போய்விடுவாள். யாரும் தள்ளவேண்டியது இல்லை. இடத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொள்கிற வேலை.

மிஸ் எதையும் விடாமல் சொன்னாள். வேற ஆள். வர்றப்ப வரட்டும். எனக்கென்ன ஆட்சேபணை. கடைசியில் அந்தச் சிரிப்பையும் தன் முகத்தில் அப்படியே போட்டுக் காட்டினாள், ஓரத்தில் ஒழுகியது உட்பட.

புருவம் அதைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நடுவில் மிஸ்ஸை நோக்கி விரலை நீட்டி நீட்டிப் பேசினாள்.

மிஸ்ஸின் குரல் பின்னாலேயே போனது. "இவ பொய் சொன்னா. என் பேச்சுல சர்க்கரை தடவித் தடவி என்னை மந்தம் ஆக்கிட்டா. இவ மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலை."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். தன்னைத் தானே இவ இவ என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி நிற்பதை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

"ஆனா இவ போனா நாளையிலேர்ந்து நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். அது..." மிஸ் நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் மேடம், கேட்டுக்கறேன்." புருவத்திடம் திரும்பி, ‘நீயா, நீங்களா? எதைப் போடட்டும்?’ என்றாள்.

புருவம் புத்தகம் படிக்கிறவள். இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். யோசித்தாள். உச்சந்தலையில் இரண்டு விரல் வைத்தாள்: ‘இவருக்கு நீங்க.’ கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள்: ‘முதுகுக்கு நீ.’

"அது உங்களுக்குத் தெரியும் மேடம்," என்றாள் மிஸ். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியும். அதான் சிரிக்கிற."

வாத்தியாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இவளே இருக்கட்டும். நான் சொல்றதை அப்படியே சொல்லட்டும், நீங்க சொல்றதை அப்படியே காட்டட்டும். மறுபடியும் சர்க்கரை போட்டா நானே துரத்திக்கறேன். அதுக்கு ஹெச்.எம். வேண்டாம்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று தலைமையாசிரியை கடைசி நம்பிக்கையாக அம்மாவைப் பார்த்தார்.

நீங்க பார்த்துச் செய்யுங்க என்பது அம்மாவின் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற பதில். அது நாக்கு நுனிவரை வந்ததும் தெரிந்தது. அவள் மகளைப் பார்த்தாள். "ஏங்க," என்றாள் வாத்தியாரிடம், நிஜமாகவே தெரிந்துகொள்கிற குரலில், "பேசிட்டு ஊத்தறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

வாத்தியார் மேசையைப் பார்த்தார்.

"சரி," என்றார் தலைமையாசிரியை. "அடுத்த செய்முறைத் தேர்வு. அதுல தேறினா இங்க. தேறலைன்னா கைத்தொழில். இடையில யாரும் என்கிட்ட வந்து அவ ‘நீ’ன்னா, இவ ‘நான்’னான்னு நிக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன் சார்."

வெளியே தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் புருவம் மிஸ்ஸை மறித்தாள்.

‘வேறு என்னவெல்லாம் விட்டாய்?’

‘மன்னித்துக்கொள். நான்...’

‘அதை வைத்துக்கொள். கேட்டதற்குப் பதில்.’

மிஸ் குழாய்க்கட்டையில் சாய்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆங்கில மிஸ், இவளுக்கு எதுக்குக் கேள்வி கேக்கணும், நேரம்தான் வீண், என்றது. தமிழ் வாத்தியார் அவள் எழுதியதைப் பார்த்து, யார் எழுதிக் குடுத்தா, என்று கேட்டது. அதை அன்றைக்கு மிஸ், ‘நன்றாக இருக்கிறதாம்’ என்று கையால் சொல்லியிருந்தாள். புருவம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

‘அடுத்தது.’

ஒலி என்ற பாடம் எடுக்க வந்த இயற்பியல் வாத்தியார், இந்தப் பாடத்துக்கு இந்தப் பொண்ணுக்கு லீவு விட்டுடலாம், என்றார். வகுப்பு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புருவம் கேட்டபோது, ஒரு பையன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான் என்று மிஸ் சொல்லிவைத்தாள்.

புருவம் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு இரண்டு கையாலும் மிஸ்ஸின் தோளில் ஒரு தள்ளு தள்ளினாள். ‘இது நல்ல ஜோக். இதையா மறைத்தாய்? அவர் கண்ணாடி எவ்வளவு தடிமன் பார்த்திருக்கிறாயா? ஒளிப் பாடத்துக்கு உனக்கு லீவு என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். மொத்த வகுப்பும் என் பக்கம் சிரித்திருக்கும். இப்போது போய்ச் சொன்னால் அவருக்கு ஞாபகம் இருக்குமா?’

‘இருக்காது.’

‘பேனா விழுந்ததாம், பேனா.’ அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததா, மற்றதா என்று மிஸ் கேட்கவில்லை. ‘முதுகு என்ன சொல்வான்?’

மிஸ் தயங்கினாள். புருவத்தின் விரல் காத்திருந்தது.

‘பொதுவாக முணுமுணுப்புதான். ஊமைக்குக் காவல் ஒரு காக்கா.’

‘எழுத்து எழுத்தாகச் சொல்.’

மிஸ் விரலால் எழுதிக் காட்டினாள். ஊ. மை. அதற்குப் புருவம் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், நன்றாகத் தேய்த்து. கழுவி முடித்து, ஈரக் கையாலேயே சொன்னாள்.

‘இனிமேல் அவன் முணுமுணுத்தால் அன்றைக்கே எனக்கு வேண்டும். சூடு ஆறுவதற்குள்.’

அடுத்த ஆய்வுக்கூட வகுப்பில் வாத்தியார் குழலைத் தாங்கியில் மாட்டினார். முதுகைக் காட்டினார். பேச்சும் திருகும் ஒன்றாகத் தொடங்கின.

மேசை அதிர்ந்தது. ‘திரும்பு. பேசி முடி. பிறகு ஊற்று.’

"திரும்பு," என்றாள் மிஸ். "பேசி முடி. அப்புறம் ஊத்து."

பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். வாத்தியார் திரும்பாமலே சொன்னார்: "காக்கா இன்னிக்கு நல்லாக் கத்துது."

மிஸ் கையால் காக்காவுக்கு மூக்கு வைத்தாள். அதைக் கத்தவும் வைத்தாள். புருவம் வாங்கிக்கொண்டாள். பதில் கை திரும்பி வந்தது.

"எனக்குக் காக்கா கத்தறது கேக்காது. உனக்குக் கேட்டுச்சுல்ல? அப்ப செய்."

வகுப்பு சிரித்தது. எல்லாரும் இல்லை, பாதிப் பேர். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. மிஸ் சிரிப்பையும் கையால் சொன்னாள்: யார் யார், எந்தப் பக்கம் என்று. வாத்தியார் திரும்பினார். கழுத்து நரம்பு தெரிந்தது. தலைமையாசிரியையின் அறைக்கு இப்போதே போகலாமா என்று அவர் யோசித்ததும், போக முடியாது என்பது ஞாபகம் வந்ததும் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். வாயை மூடினார். மிஸ் கையை இறக்கினாள். புருவத்தின் கண் குடுவைக்குப் போனது.

ஆத்திரத்தில் திருகு அதிகமாகத் திறந்துகொண்டது. குடுவை ஒரே மூச்சில் கருஞ்சிவப்பு.

"அதிகமாயிடுச்சு," என்று மிஸ்ஸின் குரல் வந்தது. "மறுபடி."

அவர் குடுவையைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி செய்தார். அந்தச் சொட்டு விழுவதை அந்த வருடத்தில் முதல் தடவையாகப் புருவம் பார்த்தாள்.

செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து யாரும் வரவில்லை, வாத்தியார்தான் மேற்பார்வை. புருவத்தின் மேசைப் பக்கமே அவர் சுற்றிக்கொண்டிருந்தார். புருவம் அவரையும் பார்க்கவில்லை, மிஸ்ஸையும் பார்க்கவில்லை. திருகில் விரல், குடுவையில் கண். சொட்டு, சுழற்று. சொட்டு, சுழற்று. சட்டென்று திருகை மூடினாள்.

வெளிர் ரோஜா. சுழற்றியும் கலையவில்லை, ஏறவும் இல்லை.

வாத்தியார் குடுவையை வாங்கினார். வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குற்றம் கிடைக்குமா என்று அடியில்கூடப் பார்த்தார். புருவம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ம்," என்றார்.

புருவம் மிஸ்ஸைப் பார்த்தாள். ‘என்ன சொன்னான்?’

ம் என்பதற்குச் சைகை கிடையாது. மிஸ் ஒரு கணம் யோசித்தாள். ‘வார்த்தை இல்லை. சரி என்று சொல்ல மனசு வரவில்லை, அந்தச் சத்தம்.’

‘வாயைத் திறந்து சொல்லச் சொல்.’

"வாயைத் திறந்து சொல்லு," என்றாள் மிஸ்.

பக்கத்து மேசைகளில் கண்ணாடிச் சாமான்களின் சத்தம் நின்றது. வாத்தியார் குடுவையைக் கீழே வைத்தார். "சரியா இருக்கு," என்றார். "பாஸ்."

‘சரியாக இருக்கிறது, பாஸ்,’ என்றாள் மிஸ் கையால். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ‘குடுவையைப் பார்த்துச் சொன்னார்.’

புருவம் மேசையில் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.